கடலடியில் ஒரு தந்தி அறை

மத்திகிரி,
1957 ஏப்ரல் 3, புதன்கிழமை.

ராஜாத்திக்கு,

இன்று எனக்கு அறுபத்து நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆகின்றன. இந்த வயதில் எனக்குத் தபாலில் வரக்கூடிய செய்தி ஒரே வகைதான்: யாரோ இறந்துவிட்டார்கள். என் மருமகள் கடலுக்கு அடியில் போகப்போகிறாள் என்ற செய்தி அதில் சேரவில்லை. ஆகவே உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியிருக்கிறாய். நலமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று மட்டும் பார்.

நீ பாடம் சொல்லும் பெண்கள் பள்ளியிலிருந்து ஒரு கல் தொலைவில், திருகோணமலை விரிகுடாவில், ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானம் போட்ட குண்டில் எரிந்து மூழ்கிய கப்பல். என் மகனும் உன் கணவனுமான தீர்த்தகிரி அதில் கம்பியில்லாத் தந்தி அனுப்புபவனாக இருந்தான். ‘காணவில்லை’ என்று கப்பல் கம்பெனி நமக்கு எழுதியது. இப்போது ஒருவர் முதுகில் காற்று உருளையைக் கட்டிவிட்டு, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களை விடுமுறையில் அந்தக் கப்பலுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார். ஆழம் அதிகமில்லை, நீர் வெதுவெதுப்பு, முதல் முறை போகிறவர்களும் போகலாம் என்கிறார். நீயும் போக வேண்டும். அவனைத் தேட வேண்டும். இதுதானே?

போகாதே.

காரணம் கேட்பாய். உப்பு நீரில் பதினைந்து ஆண்டுகள் கிடந்த கப்பலில் மனிதன் என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சாது. பட்டப்படிப்பில் நான் எடுத்தது சரித்திரம்தான் என்றாலும் இந்த அளவுக்கு விஞ்ஞானம் தெரியும்.

நாராயணம்மா இன்னும் இருக்கிறார். உன் கடிதம் வந்தது தெரிந்ததும், “யாரு, புல்லு பொம்மையத் தூக்கி ஆத்துல எறிஞ்சிட்டுப் போனாளே அவளா? இன்னும் பூ வெச்சிக்கினுதான் இருக்காளாமா?” என்று கேட்டார். என் நாத்தனாருக்குக் கண் மங்கிவிட்டது. நாக்குக்கு ஒன்றும் நேரவில்லை.

இப்படிக்கு,
வெங்கடம்மாள்.


திருகோணமலை,
1957 ஏப்ரல் 17.

அத்தைக்கு வணக்கம்.

‘போகாதே’ என்ற ஒரு சொல்லைத் தனி வரியில் எழுதியிருந்தீர்கள். பள்ளி ஆய்வாளராக இருந்தபோது ஆசிரியைகளின் குறிப்பேட்டில் நீங்கள் எழுதியதும் அப்படித்தானாம். உங்களிடம் பயந்த ஆசிரியைகளைச் சேலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருத்தியாக இருந்தேன். இப்போது நடுவில் கடல் இருக்கிறது.

புல் பொம்மையைப் பற்றி நாராயணம்மா கேட்டதற்கு நானே பதில் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டு முடிந்தும் உடல் கிடைக்கவில்லை என்றால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதை எரித்து, பெண்டாட்டியின் தாலியை வாங்கிவிடுவது நம் வழக்கம். ஐம்பத்து நான்காம் ஆண்டில் கெலவரப்பள்ளி ஆற்றங்கரையில் அந்த உருவத்தைப் பார்த்தேன். அதற்கு முகமே இல்லை. யாருக்காகவும் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் தூக்கி எறிந்தேன். அவர்கள் எல்லாரும் கத்தியது எனக்கு வலிக்கவில்லை. நீங்கள் கத்தாமல் நின்றதுதான் வலித்தது. ஏற்பாடு செய்ததே நீங்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐம்பதாம் ஆண்டில் மத்திகிரி மாட்டுப் பண்ணையின் கால்நடை டாக்டர் பெருமாள் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று உங்களிடம் வந்தார். நீங்கள் அவருக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்தீர்கள். என்னை உள்ளே கூப்பிட்டு, “யோசித்துச் சொல்” என்றீர்கள். பெற்ற மகன் வருவானா மாட்டானா என்று தெரியாதபோது, அவன் பெண்டாட்டியை இன்னொருவருக்குக் கொடுக்க ஒரு தாய்க்கு எப்படி மனம் வந்தது? அன்று கேட்கப் பயம். இன்று கேட்கிறேன்.

நீருக்குள் போகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். அழைத்துப்போகிறவர் தஸ்தகீர் பாய். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பழையபேட்டை. போர்க்காலத்தில் கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், “எந்தூருக்கா நீங்க?” என்றார். சாமல்பட்டி என்றேன். “அட, நம்ம பக்கம்! சாமல்பட்டியில கெணத்துக்கே தண்ணி கெடையாதே, நீங்க எங்க நீச்சல் கத்துக்கினீங்க?” என்று சிரித்தார். அப்பா வெட்டிய கிணற்றில் மழைக்காலம் முழுதும் கிடந்தவள் நான் என்று சொல்லிக் குதித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு கேலி இல்லை.

இடுப்பளவு நீரில் மண்டியிட்டு மூச்சு விடுவதுதான் முதல் பாடம். வாயால்தான் மூச்சு. ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. “தம் கட்டாதீங்கக்கா. தம் கட்டிக்கினு மேல வந்தீங்கன்னா நெஞ்சு வெடிச்சிடும். உங்க பாட்டுக்கு மூச்சு விட்டுக்கினே இருங்க” என்கிறார். இத்தனை ஆண்டுகளில் மூச்சை அடக்காதே என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அவர் மனைவி ரஹமத் பீவி எனக்கு முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை கால்சட்டையும் தைத்துக் கொடுத்திருக்கிறார். என்னைப் பார்த்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள்.

இங்கே தங்க எனக்கு இருக்கும் அனுமதி ஜூன் கடைசியோடு முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டார்கள். அதற்குள் அவரைப் பார்த்துவிட வேண்டும்.

ராஜாத்தி.


மத்திகிரி,
1957 ஏப்ரல் 29.

ராஜாத்திக்கு,

பண்ணையிலிருந்து கட்டறுத்துக்கொண்டு வந்த சிந்தி இனக் காளை ஒன்று நேற்று என் அவரைப்பந்தலைச் சாய்த்துவிட்டது. தேடி வந்த பண்ணையாள் முனிசாமி அதனிடம் முதலில் தமிழில் கெஞ்சினான். பிறகு தெலுங்கில் திட்டினான். கடைசியில் கன்னடத்தில் ஏதோ சொன்னான், அது அவன் பின்னால் போய்விட்டது. உன்னிடம் எந்த மொழியில் பேசினால் நடக்கும் என்று தெரியாததால் எனக்குத் தெரிந்த ஒன்றிலேயே எழுதுகிறேன்.

டாக்டர் பெருமாளைப் பற்றிக் கேட்டாய். அவர் நல்லவர், பற்கள் நன்றாக இருந்தன, மாட்டை அடிக்காதவர். உனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. யோசித்துச் சொல் என்று சொன்னது குற்றமானால், அது குற்றமாகவே இருக்கட்டும். நீ, “நான் இன்னொருவர் மனைவி” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாய். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். அதற்கு அடுத்த ஆண்டு திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். இப்போது அவருக்கு மூன்று குழந்தைகள்.

எனக்கு எப்படி மனம் வந்தது என்பதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

எனக்கு நடந்த சடங்கை மட்டும் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில், கணவர் போன பிறகு, என் கை நிறைய வளையல் அடுக்கி, தலை கனக்கப் பூ வைத்து, புதுச் சேலை உடுத்தி, நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு ஊர்ப் பெண்கள் பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நாராயணம்மாதான் வளையலை உடைத்தார். அவருக்கும் அப்போது சின்ன வயது. கண்ணாடி குத்தி அவர் கையிலும் இரத்தம் வந்தது. கைக்குழந்தையாக இருந்த தீர்த்தகிரி, எல்லாரும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தான். அதன் பிறகுதான் நான் சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கினேன். படிப்பு மீது ஆசை என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கூடத்தில் மறுபடி உட்கார வேண்டாம் என்பதுதான் ஆசை.

இதையெல்லாம் உன் மனம் இளக வேண்டும் என்று எழுதவில்லை. இளகினவர்களால் எனக்கு உபயோகம் இருந்ததில்லை.

கப்பலை வெளியிலிருந்து பார்; மீனைப் பார்; திரும்பி வா. அதில் யாரும் இல்லை.

வெங்கடம்மாள்.


திருகோணமலை,
1957 மே 12, ஞாயிற்றுக்கிழமை.

அத்தைக்கு,

இன்று காலை கப்பலுக்குப் போய்வந்தேன். ‘அதில் யாரும் இல்லை’ என்று முடித்திருந்தீர்கள். நேரில் பார்த்தவர் எழுதுவதுபோல எழுதுகிறீர்கள். பார்த்தவள் நான். ஆகவே நான் சொல்கிறேன், கேளுங்கள்.

படகின் விளிம்பில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். முகக்கண்ணாடியைக் கையால் அழுத்திக்கொண்டு அப்படியே பின்னால் சாய வேண்டும். விழுந்த நொடியில் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், ஊதினேன், வலி விட்டது. இறங்க இறங்கக் குளிரும் என்று பயந்திருந்தேன். ஆறிய வெந்நீர் போலத்தான் இருந்தது.

முதலில் ஒரு நிழல். பிறகு அது நீண்டது. கப்பல் கவிழாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறது, அத்தை. நம் பண்ணைக் கொட்டகைகள் மூன்றை வரிசையாக வைத்தால் அவ்வளவு நீளம் இருக்கும். இரும்பே தெரியவில்லை. எங்கும் பவளம் பூத்திருக்கிறது, மஞ்சளும் ஊதாவுமாக. கிளிமீன்கள் அதைக் கொறிக்கும் சத்தம் நீருக்குள் கேட்கிறது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழகாக இருந்தது எனக்குக் கோபமாக வந்தது.

தஸ்தகீர் பாய் முந்தின நாளே கப்பலின் படத்தை மணலில் கீறிக் காட்டியிருந்தார். “இது நல்ல புள்ளக்கா, இந்தக் கப்பலு. மேல் தட்டுல கதவே கெடையாது. எங்க திரும்பினாலும் வெளிச்சம் தெரியும். யாரையும் புடிச்சு வெச்சிக்காது” என்றார். தந்தி அறை மேல் தட்டில் இருக்கிறது. வாசலில் ஒரு பெரிய களவாய் மீன் நின்றுகொண்டு வழி விட யோசித்தது. பிறகு விட்டது.

சின்ன அறை. நம் வீட்டு சாமி அறை அளவுதான். தரையோடு முடுக்கிய மேசை இருக்கிறது. நாற்காலியின் இரும்புச் சட்டம் இருக்கிறது. சுவரில் இரண்டு வெள்ளைப் பீங்கான் குமிழ்கள், துடைத்து வைத்ததுபோல. கல்யாணமான இரண்டாம் மாதம் கப்பலுக்குப் போனவர் எனக்கு இந்த அறையைப் பற்றித்தான் எழுதுவார்: மேசை ஆடாது, நான்தான் ஆடுகிறேன் என்று. அந்த மேசைமேல் கையை வைத்தேன். ஆடவில்லை.

முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியே தள்ளச் சொல்லிக்கொடுத்திருந்தார். தண்ணீர் வந்தது. கடலா நானா என்று தெரியவில்லை. ஊதித் தள்ளினேன். மறுபடியும் வந்தது. பாய் என் தோளைத் தொட்டு, மேலே போகலாமா என்று கட்டை விரலைக் காட்டினார்.

அங்கே அவர் இல்லை. எலும்பு, பொத்தான், மோதிரம், எதுவும் இல்லை.

படகில் ஏறியதும் எஞ்சின் அறைக்கு அழைத்துப்போகச் சொன்னேன். மேலே நெருப்புப் பிடித்தால் ஆட்கள் கீழேதானே ஓடியிருப்பார்கள்? பாய் முகம் மாறிவிட்டது. “அங்க வேணாங்கா. ஒரே ஒரு ஓட்டைதான். உள்ள சேறு கெளம்பிச்சுன்னா உங்க கையே உங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருசம் பழகினவங்களையே நான் கூட்டிக்கினு போகல. நீங்க நேத்து வந்தவங்க” என்றார். ரஹமத் பீவியிடம் சொல்லி என்னைத் திட்டச் சொன்னார். அவரும் திட்டினார்.

வரும் இருபத்தாறாம் தேதி ஞாயிறு இரண்டு தோட்டத்துரைகள் வருகிறார்கள். என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், மேல் தட்டு மட்டும் என்ற கட்டளையோடு. அவர் துரைகளைக் கவனிக்கும்போது நான் அந்த ஓட்டைக்குள் போய்விடுவேன். கைவிளக்கு ஒன்று வாங்கிவிட்டேன். இது உங்களுக்கு மட்டும் தெரியும். நீங்கள் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டீர்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அத்தை, அவர் அந்தக் கப்பலில் இருந்தால் நான் விதவை. அது எனக்குப் பயமாக இல்லை. அதில் இல்லை என்றால், தப்பித்துக் கரையேறி எங்கோ உயிரோடு இருக்கிறார்; பதினைந்து ஆண்டாக என்னை வேண்டாம் என்று இருக்கிறார். ஒவ்வொரு நாளும் பூ வைத்துக்கொள்ளும்போது, என்னை வேண்டாம் என்றவருக்காக வைத்துக்கொள்கிறேனோ என்று ஒரு நினைப்பு வரும். ஒரு வரி எழுதக்கூட மனம் வராத அளவுக்கு அவருக்கு என்மேல் என்ன கோபம் என்று யோசிப்பேன். கிளம்பின அன்று ரயிலடிக்கு நான் வரவில்லை; தலைவலி என்று படுத்திருந்தேன். அதுவா? குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அதுவா? உங்களால் இதைப் புரிந்துகொள்ள முடியாது. உங்கள் கணவர் உங்கள் கண் முன்னால் இறந்தார்.

ஒரு எலும்பு கிடைத்தால் போதும். கையில் எடுத்துக்கொண்டு வந்து, நாராயணம்மாவின் முன்னால் நானே தாலியைக் கழற்றி வைப்பேன்.

ராஜாத்தி.


மத்திகிரி,
1957 மே 20, திங்கட்கிழமை.

ராஜாத்தி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்து முடித்தவுடன் ஓசூர்த் தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். தந்தி வாங்கும் சாந்த் பாஷா, “‘போகாதே, கடிதம் வருகிறது’, இவ்ளோதானாம்மா? எங்க போகாதேன்னு போட வேணாமா?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியும் என்றேன். “சொன்னா கேக்கற புள்ளையா?” என்றார். இல்லை என்றேன். உன் பெயருக்கு ஒன்று, அந்த தஸ்தகீர் பெயருக்கு ஒன்று கொடுத்திருக்கிறேன். கைவிளக்கைப் பற்றி அவருக்குத் தெரிவித்துவிட்டேன். யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன் என்று நீ என்மேல் வைத்த நம்பிக்கை அதோடு தீர்ந்தது. தந்திகள் போய்ச் சேர்ந்திருக்கும், நீ இதை உட்கார்ந்து படிக்கிறாய் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

எஞ்சின் அறையில் தீர்த்தகிரி இல்லை. அந்தக் கப்பலில் எங்குமே இல்லை. அவன் உன்னை வேண்டாம் என்று எங்கும் போகவும் இல்லை.

குண்டு விழுந்த அன்று அவனை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். உடம்பு வெந்திருந்தது. திருகோணமலையில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். நினைவு வந்தபோது அவன் சொன்ன விலாசம் என் சேலம் அலுவலகத்துடையது. வீட்டுக்குத் தந்தி போனால் நீ தனியாகப் பிரித்துப் பார்ப்பாய் என்று நினைத்திருப்பான். நர்ஸ் ஒருத்தி எனக்குத் தந்தி கொடுத்தாள். நான் சென்னைக்கு ஆய்வுக் கூட்டத்துக்குப் போவதாக உனக்கு எழுதிவிட்டு, தனுஷ்கோடி போய்க் கப்பலேறினேன். உன்னையும் அழைத்துப்போயிருக்கலாம். அவன் பிழைத்துவிடுவான், பிழைத்தபின் நீ பார்த்தால் போதும் என்று தீர்மானித்தேன். பிறர் விஷயத்தில் தீர்மானம் செய்வது என் தொழிலாக இருந்தது.

அவன் பிழைக்கவில்லை. எரிக்கக் கேட்டேன்; இருட்டில் தீ தெரிந்தால் விமானம் திரும்பி வரும் என்று மறுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள மேட்டில், கிழக்குச் சுவரை ஒட்டி, அவனை மண்ணில் வைத்தார்கள். ஒரு பிடி மண் நான் போட்டேன். பெயர் எழுதின பலகை வைத்தார்கள். இன்று இருக்குமா தெரியாது. அந்தக் குழப்பத்தில் ஆஸ்பத்திரிக் கணக்கு கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் ‘காணவில்லை’ என்று எழுதினார்கள். நான் திருத்தவில்லை.

மத்திகிரிக்குத் திரும்பிய அன்று வாசலில் நாராயணம்மா உட்கார்ந்திருந்தார். கப்பல் எரிந்த செய்தி ஊருக்கு வந்துவிட்டிருந்தது. “வெங்கடம்மா, ஏதாவது தெரிஞ்சுதா? தெரிஞ்சா சொல்லிடு, பொண்ணுக்கு வளையல் வாங்கணும், சேலை எடுக்கணும், சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பணும்” என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. கல்யாணத்துக்குச் சாமான் சொல்வதுபோலத்தான் சொன்னார். நீ பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாய். உனக்கு இருபத்தொரு வயது.

“ஒன்றும் தெரியவில்லை” என்றேன்.

காணாமல் போனவன் பெண்டாட்டியை அவர்களால் அந்தக் கூடத்தில் உட்கார வைக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வழக்கமே உனக்குக் காவல். அதற்குள் உன்னைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, உன் கையில் ஒரு சம்பளம் வந்துவிட்டால், பிறகு யார் உன் வளையலைத் தொடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அது சரியான கணக்கு. நீ அவனுக்காகக் காத்திருப்பாய் என்பதைத்தான் அதில் சேர்க்கவில்லை. ஒரு பெண் அவ்வளவு காலம் காத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. பெருமாள் வந்தபோது சொல்லிவிட வாயெடுத்தேன். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எட்டு ஆண்டாகச் சொன்னது பொய் என்பதை அந்தச் சத்தத்துக்கு மேல் உரக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆற்றங்கரையில் அந்த உருவத்தை நான் ஏற்பாடு செய்ததும், உண்மையைச் சொல்லாமலே உன்னை விடுவித்துவிடலாம் என்றுதான். நீ அதைத் தூக்கி எறிந்தாய். நல்ல கை வீச்சு. அன்றும் அதைத்தான் நினைத்தேன்.

இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ரயிலடிக்கு வராததும் குழம்பில் உப்பும் என்று நீ எழுதியிருக்காவிட்டால் அதை என்னோடு கொண்டுபோயிருப்பேன்.

அவன் எட்டு நாள் இருந்தான். கண்களைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். வலது கை மட்டும் வேகாமல் தப்பியிருந்தது. கடைசி நாள் காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்த ஓசை கேட்டு, “ராஜாத்தி வந்திருக்காளா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். கையை நீட்டினான். என் கையைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. பேசினால் குரல் தெரிந்துவிடும். மாலைவரை விடவில்லை. உன் கை என்று எண்ணிக்கொண்டே போனான்.

வெங்கடம்மாள்.